ஓடுபாதை ஓரத்தில் கிளைட்டன் பெயர்

என் தங்கை ஜெயசெல்விக்கு ஒரே மகன் ஜெயசிங். அவனைப் பற்றி நாசரேத் பக்கத்தில் இப்போது இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். நம் ஊரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவன் என்று சிலர், கூடப் பழகியவன் பெயரைக் கெடுத்தவன் என்று சிலர். இரண்டு பேச்சும் பொய்யில்லை.

அவன் அப்பா ஓவிய வாத்தியார். மூக்குப்பீரியில் வாழ்க்கைப்பட்ட எங்கள் தங்கத்தாய்ச் சின்னம்மாவின் நாத்தனார் மகன். அந்த வழியில்தான் ஜெயசெல்வியைக் கட்டினார். அவருக்கு அப்பா வாத்தியார், அவருக்கும் முந்தியவர் உபதேசியார். அந்த வம்சத்தில் விமானம் ஓட்டப் போகிறேன் என்று சொன்னவன் ஜெயசிங் ஒருவன்தான். பள்ளிக்கூடம் முடித்ததும் கண் பரிசோதனைக்குப் போனான். புள்ளி புள்ளியாக அச்சடித்த படத்தைக் காட்டி, அதற்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்களாம். அவனுக்குப் புள்ளிதான் தெரிந்தது, எண் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்று. எங்கள் தாய்மாமன் பொன்னையா மாமாவுக்கும் அப்படித்தான். மிளகாய்ச் செடியில் பழத்தையும் காயையும் தொட்டுப் பார்த்துத்தான் பறிப்பார். மிளகாய் பறிக்க அந்தக் கண் போதும். விமானத்துக்குப் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு தூத்துக்குடியில் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். அங்கே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவன்தான் திரேஸ்புரத்துக் கிளைட்டன். கிளைட்டனின் அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர். இவன் நாசரேத்துக்காரன், சி.எஸ்.ஐ.; அவன் கடற்கரைக்காரன், ஆர்.சி. ஒருவன் வாயைத் திறந்தால் மற்றவன் சிரிப்பான். பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில் கள்ள சி.டி. விற்பார்கள். அதில் ஒன்றை வாங்கிவந்து இரண்டு பேரும் கணினியில் போட்டுத்தான் விமானம் ஓட்டக் கற்றார்கள்.

அதை விளையாட்டு என்று சொன்னால் ஜெயசிங்குக்குக் கோபம் வரும். சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி உலகத்தில் எந்த ஊரிலும் ஏறி எந்த ஊரிலும் இறங்கலாம். நிஜமான விமானி ஓட்டுகிற மாதிரியே எல்லாம் இருக்குமாம். படிப்பு முடிந்து, கன்டெய்னர் கிடங்கில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போய், பள்ளிக்கூட டீச்சர் ஏஞ்சலினைக் கட்டிய பிறகும் அவன் அதை விடவில்லை.

தூத்துக்குடியில் அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் நானும் என் மகளும் இருக்கிறோம். ஒருநாள் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான்.

"இதப் பாருங்க பெரியம்மா. மதுரை இருக்கு, திருவனந்தபுரம் இருக்கு. நம்ம தூத்துக்குடி ஏர்ப்போர்ட்டு, வாகைக்குளத்துல எறங்கினா வெறும் தாரு மட்டும்தான் கெடக்கு. கட்டடம் இல்ல. கடலு இருக்கு, துறைமுகத்தக் காணல. எவனோ ரப்பர் வச்சு அழிச்ச மாதிரி இருக்கு."

"அப்ப நீ வரையேம்ல. ஒங்க அப்பா கை ஒனக்கு இருக்குல்லா."

"கை இருக்கு. கண்ணு?"

கட்டிலில் சாய்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த கிளைட்டன் எழுந்து வந்தான். "கண்ணுக்கு நான் இருக்கேம்லா. நீ வரைல. எங்கெங்க என்ன நெறம்னு நான் சொல்லுதேன்."

அப்படித்தான் அது தொடங்கியது. சிமுலேட்டரில் இல்லாத ஊரை, இல்லாத விமானத்தை இப்படித் தனியாகச் செய்து விற்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்களாம். ஆட்-ஆன் என்று அதற்குப் பெயர். வாங்கி நம் கணினியில் சேர்த்துக்கொண்டால் அந்த ஊர் அதில் வந்துவிடும். ஜெயசிங் தூத்துக்குடியைச் செய்தான். ஓடுபாதையைச் சுற்றியுள்ள உடைமரம், உப்பளம், அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு, மாதா கோவில், முயல் தீவு, திரேஸ்புரத்துப் படகு, எல்லாம் ஒவ்வொன்றாக.

கிளைட்டனுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். வேலை முடிந்து நேரே இங்கே வந்து, எந்தக் கிரேன் என்ன நிறம், அலைத்தடுப்புக் கல் எங்கே கறுப்பு, எங்கே பாசி என்று கண்ணால் கண்டதைச் சொல்வான். பக்கத்தில் உட்கார்ந்து சண்டையும் பிடிப்பான்.

"ஏலே, மாதா கோவிலுக்கு என்னல நெறம் அடிச்சிருக்க? எங்க சாமியார் பாத்தா என்னையல்லா ஊர்விலக்கு வைப்பாரு."

"வெள்ளதாம்ல வச்சேன்."

"இதா வெள்ள? வேப்பெண்ணெய்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கு. சி.எஸ்.ஐ.காரன் மாதா கோவில் கட்டினா இப்படித்தான்."

கடலுக்கு மட்டும் பல மாதம் ஆயிற்று. முன்னே முத்துக்குளித்த பார்கள் என்கிற பாறைத் திட்டுகள் அடியில் கிடக்கும் இடத்தில் தண்ணீர் கறுத்துத் தெரியும், மணல் கிடக்கும் இடத்தில் வெளுத்துத் தெரியும். கிளைட்டன் அவனைப் படகில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். "எங்க பாட்டன் மூச்சடக்கி எறங்கின எடம்ல இது. ஒழுங்கா அடி." ஜெயசிங்குக்கு அந்த நிறம் தெரியாது. கிளைட்டன் போதும் என்று சொல்லும்வரை மாற்றி மாற்றி வைத்தான். எல்லாம் முடிந்தபோது, திரேஸ்புரம் கரையில் நின்ற படகுகளில் ஒன்றுக்குக் கிளைட்டனின் மகள் பெயரை எழுதினான். அன்றைக்குக் கிளைட்டன் வீட்டிலிருந்து நண்டுக்குழம்பு வந்தது.

விற்கப் போடுமுன் அதற்குப் பூட்டு வேண்டும். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி எண் அனுப்புவான். அந்த எண்ணைத் தட்டினால்தான் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. அந்தப் பூட்டைச் செய்ய ஊரைச் செய்தது மாதிரியே பாடுபட்டான். கிளைட்டன் கேலி செய்தான்.

"நாம ஓட்டப் படிச்சதே கள்ள சி.டி.ல. இப்ப நீ பூட்டுச் செய்யுத."

"அப்ப நாம ஒண்ணும் செஞ்சது கெடையாது. செஞ்சவனுக்குத்தாம்ல வலி தெரியும்."

"சரிதான். திருடன் வீட்டுலதான் பெரிய பூட்டு தொங்கும்னு சொல்லுவாங்க."

இருவரும் சிரித்தார்கள். சோதித்துப் பார்ப்பதற்காகப் பூட்டு இல்லாத நகல் இரண்டு எடுத்திருந்தான். ஒன்று கிளைட்டனிடம், மற்றொன்று அவன் மேசை இழுப்பறையில்.

எங்களுக்கு ஒரு வருஷம் கழித்துத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது விளங்கும்.

நாசரேத் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோவிலில் அறுப்பின் பண்டிகைக்கு முதற்பலன் படைப்பது வழக்கம். முதல் குலை வாழை, முதல் காய்ப்புத் தேங்காய், கோழி முதலில் இட்ட முட்டை, பிள்ளைகள் வாங்கும் முதல் சம்பளம். முதலாவது நம்முடையது இல்லை, கொடுத்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தொட வேண்டும். படைத்ததை உபதேசியார் கோவில் வளாகத்திலேயே ஏலம் விடுவார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஒரு முட்டையைக் கூட எத்தனையோ மடங்கு கொடுத்து எடுப்பார்கள். கொடுத்தவர் அதைப் பற்றி வெளியே பேசக்கூடாது. பேசினால் ஆண்டவரிடம் போய்ச் சேராது.

பண்டிகைக்கு முந்தின வாரம் ஜெயசெல்வி மகன் வீட்டுக்கு வந்திருந்தாள். அவன் காதில் ஹெட்போனோடு விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தான்.

"ஏலே, மொதமொத செஞ்சது எதுல இருக்கு?"

இழுப்பறையைக் கையால் காட்டினான்.

"அத நான் எடுத்துக்கிடட்டா? அம்மைக்கு வேணும்."

"ம்ம்."

திரை ஓடும்போது அவன் சொல்லும் 'ம்ம்' எதற்கும் அர்த்தம் கிடையாது. ஏஞ்சலினுக்குத் தெரியும், கிளைட்டனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவன் அப்பா போனபிறகு தனியே ஊரில் இருந்த பெற்றவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை சம்மதித்துவிட்டான் என்று பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள்.

அந்த வருஷம் எனக்கு முழங்கால் வீக்கம், பண்டிகைக்குப் போகவில்லை. ஜெயசிங்கும் ஏஞ்சலினும் விற்பனை தொடங்குகிற அவசரத்தில் போகவில்லை. உபதேசியார் பென் டிரைவைத் தூக்கிக் காட்டி, "இது நம்ம ஜெயசெல்வி அம்மா மகன் செஞ்ச விமான நிலையம்" என்றாராம். "எங்க, ரெக்கையக் காட்டும்!" என்று கூட்டத்தில் ஒரே சிரிப்பு. எங்கள் தேவபிச்சைச் சித்தப்பாவின் மகன் வழிப் பேரன் சுந்தர்சிங் பக்ரைனிலிருந்து வந்திருந்தான். ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஏற்றி அவன்தான் எடுத்தான். பக்ரைனுக்குப் போய்த் தன் கணினியில் போட்டுப் பார்த்தான். சாவி கேட்காமல் திறந்துகொண்டது. நம் ஊர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டவருக்குக் கொடுத்ததுதானே, எல்லோரும் பார்க்கட்டும் என்று, விமானம் ஓட்டுகிறவர்கள் கூடும் ஒரு குழுவில் போட்டு, யார் செய்தது, எந்தக் கோவிலில் கிடைத்தது என்று இரண்டு வரியும் எழுதினான். அங்கிருந்து முதல் கை மாறும்போதே அந்த இரண்டு வரி உதிர்ந்துவிட்டது. சரக்கு மட்டும் போயிற்று.

இங்கே ஜெயசிங் கிடங்கு வேலையை விட்டுவிட்டான். தொடக்கத்தில் நன்றாக வாங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து ஒருவர், "உங்கள் கடலின் நிறம் அழகு" என்று எழுதினார். அதைக் கிளைட்டனுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினான். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வாங்குவது நின்றுபோயிற்று. தேடிப் பார்த்தால், கள்ளச் சரக்கு கிடக்கும் தளங்களில் தூத்துக்குடி இலவசமாகக் கிடக்கிறது. இறக்கிப் பார்த்தான். பூட்டை யாரும் உடைக்கவில்லை. பூட்டே இல்லாத நகல்.

நேரே திரேஸ்புரத்துக்குப் போனான். பகல் நேரம், கரையில் வலையைச் சரிசெய்பவர்கள், மீன் வாங்க வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கிளைட்டன் வீட்டு வாசலில் வைத்துக் கேட்டான். இதைப் பிறகு கிளைட்டன் மனைவி ஜெசிந்தா என்னிடம் சொன்னாள்.

"பூட்டு இல்லாதது ரெண்டே ரெண்டுதாம்ல. ஒண்ணு ஒங்கிட்ட, ஒண்ணு என் வீட்டுல."

"அப்ப ஒன் வீட்டுல போய்த் தேடு."

"என் வீட்டுல யாருல எடுப்பா? எங்க அம்மையா?"

கிளைட்டன் அதுவரை வேடிக்கை என்றுதான் நினைத்திருக்கிறான், சிரித்திருக்கிறான். பிறகுதான் முகத்தைப் பார்த்தான். உள்ளே போய் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து பென் டிரைவை எடுத்துவந்து நீட்டினான்.

"இந்தா இருக்கு. எவன் கையிலயும் குடுக்கல."

"காப்பி எடுத்தா இது கொறையவா செய்யும்?"

பானையில் அரிசி திருடினால் பானை குறையும். இதில் எடுத்தாலும் அப்படியே இருக்கும், எடுக்காவிட்டாலும் அப்படியே இருக்கும். கிளைட்டன் நீட்டின கையை மடக்கிக்கொண்டானாம்.

"நீ நெனச்சிட்டல்லா. இனும நான் என்ன சொன்னாலும் பொய்தான்."

அன்று சாயங்காலம் ஏஞ்சலின் கேட்டாள்: "நம்ம டிராயர்ல இருக்கான்னு பாத்தீங்களா?" ஜெயசிங் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளும் எழுந்து பார்க்கவில்லை. அரையாண்டுத் தாள் கட்டுக் கட்டாகக் கிடந்தது, திருத்த உட்கார்ந்துவிட்டாள். ஒரு கை நீட்டி இழுத்துப் பார்த்திருந்தால் போதும் என்று பின்னால் எத்தனையோ தரம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அதன்பிறகு ஜெயசிங் செய்ததுதான் பெரிய காரியம். அவன் செய்த ஆட்-ஆன் திறக்கும்போதெல்லாம், புதிதாக ஏதாவது திருத்தம் இருக்கிறதா என்று அவன் கணினியைக் கேட்கும். சாவி வைத்திருப்பதும் கேட்கும், சாவி இல்லாததும் கேட்கும். சாவி இல்லாமல் கேட்கிற நகலுக்கு மட்டும் போகும்படி ஒரு திருத்தம் செய்தான். அது போய்ச் சேர்ந்தால் வாகைக்குளம் ஓடுபாதை ஓரத்தில் ஒரு பெரிய பலகை எழும்பும். அதில் கிளைட்டன் படம். "நீங்கள் வைத்திருப்பது திருட்டு நகல். திருடிக் கொடுத்தவன் இவன், திரேஸ்புரம் கிளைட்டன்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும். அந்த ஆட்-ஆன் முழுவதிலும் அந்தப் பலகையின் நிறத்தை மட்டும் அவன் யாரையும் கேட்காமல் வைத்தான்.

ஏஞ்சலின் தடுத்தாள். "வேண்டாங்க. நாளைக்கி எடுக்க முடியுமா இத?"

"என்னைக்கி வேணும்னாலும் எடுக்கலாம். எங்கிட்டருந்துதான போகுது."

முதல் வாரத்திலேயே ஆயிரக்கணக்கான நகலில் பலகை எழும்பியது. யாரோ அதைப் படம் பிடித்து வெளியே விட, வாட்ஸ்அப்பில் சுற்றி, திரேஸ்புரத்துக்கே வந்து சேர்ந்தது. இழுவைப் படகில் கூட வேலை செய்தவர்கள், "ஏலே, ஏரோப்பிளேன் களவாணி வாரான், சட்டைப் பைய பாத்துக்கிடுங்க" என்று சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பு ஒரு மாதத்தில் ஓய்ந்திருக்கும். ஆனால் படகுக்கு ஆள் வைக்கும் காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. துறைமுகத்துக்குள் போய்வருகிறவன் பெயரில் திருட்டு என்று ஒரு சொல் இருந்தால் நாளைக்குத் தன்னைக் கேட்பார்கள் என்று, பாஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் கிளைட்டன் மகளிடம் ஒரு பிள்ளை கைப்பேசியைக் காட்டி, "ஒங்க அப்பாவாட்டி?" என்று கேட்டதாம். அவள் ஆமாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். படத்தை மட்டும்தான் பார்த்தாள். அந்த மாதமே கிளைட்டன் மங்களூருக்கு மீன்பிடிப் படகு வேலைக்குப் போய்விட்டான்.

திருடர்களும் சும்மா இருக்கவில்லை. ஜெயசிங் கணினியிலிருந்து திருத்தம் வந்து நகலில் புகுகிறது என்று தெரிந்ததும், அந்த வழியை அடைத்துவிட்டு, பலகையோடு அப்படியே மறுபடி கட்டிப் புதிய நகலாக விட்டார்கள். அதற்குப் பிறகு அது அவனிடம் எதுவும் கேட்காது. அவன் சொன்னாலும் அதற்குக் கேட்காது. அப்போது அதை அவன் பொருட்படுத்தவில்லை. பலகை நிலைத்து நிற்கிறதே என்று திருப்திதான் பட்டான்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போனோம். ஆராதனை முடிந்து, சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாட்டுக்குப் பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் ஜெயசிங்கும் ஏஞ்சலினும் நானும் நின்றோம். ஜெயசெல்வி ஏலத்துக்குப் போக வேண்டிய பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சுந்தர்சிங் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து ஜெயசிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே மாப்ள, நீ பெரிய ஆளு. ஒன் ஏர்ப்போர்ட்ட உலகத்துக்கே காட்டினது யாருன்னு நெனச்ச? நான்தாம்ல!"

"என்னது அத்தான்?"

"போன வருஷம் இங்கன ஏலத்துல எடுத்தேம்லா, ஒங்க அம்மை வச்ச மொதப்பலன. நம்ம குரூப்புல போட்டேன். நம்ம ஊர எல்லாவனும் பாக்கட்டும்னு. இப்ப எங்க தொறந்தாலும் கெடைக்குது."

ஏஞ்சலின்தான் கேட்டாள். "அத எல்லாருக்கும் குடுக்க ஒங்களுக்கு யாரு அண்ணன் உரிமை குடுத்தா?"

"ஏலத்துல எடுத்தது எனக்குச் சொந்தம்லா தங்கச்சி? சபைக்குத் துட்டு கெட்டித்தான எடுத்தேன்."

"தேங்காய ஏலம் எடுத்தா தேங்காதான் அண்ணன் ஒங்களுக்கு. தோப்பு ஒங்களுக்கா?"

சுந்தர்சிங் விழித்தான். அவன் மனதில் கள்ளம் இல்லை, அதனால் விளங்கவும் இல்லை. ஜெயசிங் மெல்லத் திரும்பித் தாயைப் பார்த்தான். ஜெயசெல்விக்கு ஆட்-ஆன் தெரியாது, பூட்டு தெரியாது. ஆனால் கிளைட்டன் கதை தெரியும். அவன் திருடினான் என்று அவளும் தெருவில் நாலு பேரிடம் சொல்லி வயிறெரிந்தவள்தான். இப்போது அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்வதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பூசணிக்காயைத் தரையில் வைத்தாள்.

"நான் கேட்டேன்லா ராசா," என்றாள். "நீ ம்ம்னு சொன்னியே."

பந்தியில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்களில் யாரும் போகவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய நாள் முதல் அவன் செய்யாதது இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதி, பலகை இல்லாத தூத்துக்குடியை இலவசமாகவே போட்டான். பழையது நன்றாக ஓடும்போது புதியதை யார் எடுப்பார்கள்? கொஞ்சம் பேர் எடுத்தார்கள். ஒவ்வொரு தளத்துக்கும், இது என் படைப்பு, என் உரிமை, எடுத்துவிடுங்கள் என்று எழுதினான். ஒன்றில் எடுத்தால் இரண்டில் முளைத்தது. பலகை வேடிக்கையாக இருக்கிறது என்று அதற்காகவே வைத்திருப்பவர்களும் உண்டாம். பிரேசிலிலிருந்து ஒருவன், "ஏன் அழிக்கச் சொல்கிறாய்? யார் அந்த ஆள்?" என்று கேட்டான். ஜெயசிங் உட்கார்ந்து கிளைட்டன் யார் என்று எழுதினான். கடல் எங்கே கறுக்கும் என்று காட்டியது, கிரேன் நிறம் சொன்னது, முறுக்கு தின்றது எல்லாம். பக்கம் பக்கமாகப் போயிற்று. அந்த மனிதன் படித்துவிட்டு, "அழித்துவிட்டேன். ஆனால் முன்பே நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள்" என்று எழுதினான்.

கிளைட்டன் ஜெயசிங்கின் எண்ணைத் தன் கைப்பேசியில் அடைத்து வைத்திருந்தான். "என்னைய திரேஸ்புரம் கூட்டிட்டுப் போங்கக்கா," என்று ஜெயசெல்வி என்னிடம் கேட்டாள். "நான் போய் அந்தப் பொண்ணு கால்ல விழுதேன்." ஜெயசிங்கையும் சேர்த்து மூன்று பேரும் போனோம்.

ஜெசிந்தா எங்களை உள்ளே கூப்பிட்டாள். பாயை விரித்தாள். ஜெயசெல்வி குனியப் போனதும் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள்.

"என்னம்மா செய்யுதீங்க? நீங்க கோவிலுக்குக் குடுத்தீங்க. அதுல என்ன தப்பு இருக்கு?" பிறகு ஜெயசிங்கைப் பார்த்தாள். "அண்ணனுக்குத்தான் ஒண்ணு கேக்கணும். அந்த நெறமெல்லாம் சொன்னவுக, எடுத்து விக்கணும்னா அப்பவே வித்திருக்க மாட்டாகளா? ஒரு ராத்திரி யோசிச்சிருக்கக் கூடாதா?"

ஜெசிந்தா தன் கைப்பேசியில் மங்களூருக்குப் போட்டாள். அங்கே இயந்திரச் சத்தம், காற்று. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்துத் தரையில் வைத்தாள்.

"ஒங்க கூட்டாளி வந்திருக்காக. பேசுங்க."

"சொல்லு" என்றான் கிளைட்டன்.

"கிளைட்டா, நீ எடுக்கலன்னு தெரிஞ்சிட்டுல. எங்க அம்மைதான் தெரியாம..."

"ஜெசிந்தா சொன்னா. அம்மை சொகமா இருக்காங்களா?"

"இங்கனதான் இருக்காங்க. ஏலே, என்னைய மன்னிச்சிரு. நீ வந்துரு. காண்ட்ராக்டர்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், பாஸுக்கு எழுதித் தாரேன்னுட்டாரு. வந்துருல."

"போர்ட எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். நான் குடுக்கதுல எதுலயும் இல்ல."

"நீ குடுக்கதுல எப்பவும் இல்லையே. மத்ததுல?"

ஜெயசிங் தரையைப் பார்த்தான்.

"மத்ததுல நிக்கா, இல்லையா?"

"நிக்கு. என்னால எடுக்க முடியலல. வழிய அடைச்சிட்டானுவ."

"எத்தன நாளைக்கி நிக்கும்?"

"தெரியல."

அங்கே கூட இருந்த யாரோ அவனைக் கன்னடத்தில் கூப்பிட்டார்கள். அவன் அந்தப் பக்கம் ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்தான்.

"இங்கன எவனுக்கும் என் பேரு தெரியாதுல," என்றான். "தமிழான்னுதான் கூப்பிடுதானுவ. நல்லாத்தான் இருக்கு. நான் அங்கன வந்து என்ன செய்ய?"

"கிளைட்டா..."

"வைக்கேன். எறக்கணும், மீன் கெடக்கு."

ஜெயசெல்வி, "எனக்கு ஒரு வார்த்த குடுங்க, நான் பேசுதேன்," என்று தரையை நோக்கிக் கை நீட்டினாள். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.